பூஜ்யம், எழுத்தாலும் எண்ணாலும்

பொருளாதாரம் என்ற துறை தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை நடந்த ஆய்வுகளுள் தலைசிறந்தது, தண்டையார்பேட்டையில் ராசையா அரிசி மண்டியின் மாடியில், இரண்டு மின்விசிறிகளில் ஒன்று ஓடாத அறையில், இருபத்தொரு நாட்களில் நடந்து முடிந்தது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஆய்வுக் குழுவின் செயலாளர் நான். உண்மையைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

கலைப் படிப்புக்கு வாங்கும் கடனையும் அந்தப் படிப்பால் வரும் வருமானத்தையும் இரண்டு தட்டில் வைத்தால் எது கீழே இறங்கும்? பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் இந்தக் கேள்விக்கு இன்னும் தலையைச் சொறிந்துகொண்டிருக்கின்றன. நாங்கள் மூன்று பேர் விடை கண்டோம். மூவரின் படிப்பையும் கூட்டினால் இருபத்தெட்டாம் வகுப்பு வரும்.

எங்கள் திருவொற்றியூர் நெடுஞ்சாலை வணிகர் மகமைச் சங்கத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மூட்டைக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வியாபாரியும் தன் விற்பனையிலிருந்து ஒரு சிறு தொகையைப் பொதுக் காரியத்துக்கு எடுத்து வைப்பதுதான் மகமை. தர்மத்துக்காகச் சேரும் பணம் அது. அந்தத் தர்மம் வெளியே போய்விடாமல் வங்கியில் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பதில் எங்களுக்கு நாற்பது வருட அனுபவம்.

தலைவர் ராசையா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அரிசி மண்டி வளர்ந்தது. பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. துணைத்தலைவர் மதார் சாகிப், ராயபுரத்துக்காரர், படகுச் சங்கிலியும் கயிறும் இறக்குமதி செய்கிறார். தேவப்பிரியமாகிய நான் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைப் பையும் பிடிக்கிறேன். எங்கள் மூவருக்கும் மூன்று மதம். கூட்டம் தொடங்கும்போது ஒரு நிமிடம் எழுந்து நின்று அவரவர் கடவுளை மனதுக்குள் கூப்பிட்டுக்கொள்வோம். அதன் பிறகு அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை.

எங்களிடம் வந்த ‘வழக்கு’ இதுதான். விம்கோ நகரில் மகிமா என்று ஒரு பெண், வயது பதினெட்டு. அப்பா அலெக்ஸாண்டர் மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறார். என் சபைக்கு வரும் குடும்பம். பிளஸ் டூவில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று வாங்கிய அவளுக்கு, ஒரு தனியார் பல்கலைக்கழகம் ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்ற படிப்பில் இடம் கொடுத்து, பாதிக் கட்டணத்தையும் விட்டுக்கொடுத்திருந்தது. மீதி ஆறு லட்சம். வங்கி கடன் தரத் தயார். ஜாமீனுக்கு ஒரு கையெழுத்து வேண்டும். அதைச் சங்கத்தின் நிர்வாகி ஒருவர் போட்டால் போதும்; ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள். தவறினால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

கையெழுத்துப் போட மூன்று வினாடி ஆகும். பொறுப்புள்ள மனிதர்கள் மூன்று வினாடியில் எதையும் போடுவதில்லை. முதலில் குழு போடுவார்கள்.

“லிபரல் ஆர்ட்ஸ்னா இன்னா?” என்று முதல் கூட்டத்தைத் தொடங்கிவைத்தார் மதார் சாகிப். “ஆர்ட்ஸு தெரியும். பேனர் அடிக்கிற கடை. நம்ம ரோட்டுலயே வல்லரசு ஆர்ட்ஸ், ஸ்டார் ஆர்ட்ஸ்னு நாலு கீது. இந்த லிபரலு எந்த சந்துல கீறாரு?”

“கடை இல்ல பாய் அங்கிள்,” என்றாள் மகிமா. “ஹிஸ்டரி, லிட்ரேச்சர், எகனாமிக்ஸ், பிலாசபி எல்லாம் சேத்துப் படிக்கிறது. நல்லா யோசிக்கவும் எழுதவும் சொல்லித் தருவாங்க.”

ராசையாவின் முகம் இருண்டது. “எல்லாத்தையும் சேத்தா? ஏம்மா, பொன்னியும் இட்லி அரிசியும் ஒரே சாக்குல கொட்டினா அதுக்கு என்ன பேரு?”

“கலப்படம்,” என்றேன் நான்.

“மெதுவாச் சொல்லும் வே. கீழ மண்டி நடக்குதுல்லா.”

அகராதியில் பார்த்தோம். லிபரல் என்றால் தாராளம் என்று போட்டிருந்தது. ஆகவே ‘தாராளக் கலை’ என்று தமிழாக்கித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினோம். எங்கள் புத்தகத்தில் தாராளம் என்ற சொல் எழுதப்பட்டது அதுவே முதல் முறை. கலை என்ற சொல் முன்பே உண்டு: ‘கூட்டம் இனிதே கலைந்தது’.

பல்கலைக்கழகம் அனுப்பிய விளக்கப் புத்தகம் அறுபத்து நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். அதைப் படிக்காமல் முடிவெடுப்பது பாவம். எனவே மகிமாவையே தமிழில் எழுதித் தரச் சொன்னோம். நான்கு நாளில் எழுதிக்கொண்டுவந்தாள். தமிழில் பார்த்ததும்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. “சுருக்கமா ஒரு பக்கத்துல கொடு தாயி,” என்றார் ராசையா. அதையும் கொடுத்தாள்.

அவள் கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் கூட்டக் குறிப்புகளையும் அவளே எழுதட்டும் என்று முடிவாயிற்று. விண்ணப்பதாரரே தன் வழக்கின் குறிப்பை எழுதுவது எவ்வளவு உயர்ந்த வெளிப்படைத்தன்மை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது வாரம் மதார் சாகிப்பின் கன்டெய்னர் ஒன்று துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. காகிதத்தில் அவர் பெயரில் ஏதோ எழுத்துப்பிழை. அதைத் திருத்தும்வரை நாளுக்கு நாள் வாடகை ஏறியது. “ரொம்ப பேஜாராப் போச்சு,” என்று கூட்டத்துக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மகிமா கப்பல் கம்பெனியின் காகிதங்களை வாங்கி ஒரு மணி நேரம் படித்தாள். “பிழை அவங்களுது பாய் அங்கிள். பதினோராம் பக்கத்துல அவங்களே ஒத்துக்கினு கீறாங்க,” என்று ஒன்றரைப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினாள். மூன்றாம் நாளே, வாடகை முழுவதையும் தள்ளுபடி செய்து பதில் வந்தது. ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

“ஷோக்கா எழுதிட்டம்மா!” என்று மதார் சாகிப் அவளுக்கு ஒரு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். பெரிய டம்ளர்.

தலைவர் ராசையாவுக்கு ஒரு பள்ளி விழாவில் ‘கல்வியின் மகத்துவம்’ பற்றிப் பேச வேண்டியிருந்தது. பேச்சை மகிமா எழுதினாள். ராசையா படித்தார். கைத்தட்டல் நிற்க இரண்டு நிமிடம் ஆனது. ஏழைப் பிள்ளையின் படிப்புக்குக் கை கொடுப்பவன் கடவுளின் கையைப் பிடித்திருக்கிறான் என்ற இடத்தில் ராசையாவே அழுதுவிட்டார். சால்வை போட்டார்கள். அந்தச் சால்வையோடுதான் அன்று மாலை குழுவுக்கு வந்து, “அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுறக் கூடாது, கேட்டீரா?” என்றார்.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னை மறைப்பது தர்மம் ஆகாது. என் அண்ணன் இறந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. நினைவு அஞ்சலிக்கு நாலு வரி வேண்டும். மகிமாவிடம் கேட்டேன். அவள் அண்ணனைப் பற்றி என்னிடம் மூன்று கேள்வி கேட்டாள், அவ்வளவுதான். ‘மழைக்கு ஒதுங்கியவர்களுக்கும் கடையில் நாற்காலி எடுத்துப் போட்ட மனிதர்’ என்று எழுதினாள். அண்ணி ஞானபாக்கியம் கல்லறைத் தோட்டத்தில் அதைப் படித்துவிட்டு, “அவுக திரும்பி வந்த மாதிரி இருக்கு தம்பி,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் அழுதேன். மகிமாவுக்காக அன்று இரவு ஜெபித்தேன். செலவில்லாத காரியங்களில் நான் குறை வைப்பதில்லை.

இப்போது ஆய்வின் மிக முக்கியமான கட்டம்: களப்பணி. ஆர்ட்ஸ் என்றால் பேனர் கடை இல்லை என்று மகிமா சொன்னது குறிப்பில் இருந்தது. ஆனாலும் விண்ணப்பதாரர் சொல்வதை அப்படியே ஏற்பது ஆய்வு நெறி ஆகாது என்று மதார் சாகிப் வாதிட்டார். மூன்று பேரும் குறிப்பெழுத மகிமாவையும் அழைத்துக்கொண்டு, ஒரே ஆட்டோவில் வல்லரசு ஆர்ட்ஸுக்குப் போனோம்.

வல்லரசு நாற்பது வயதுக்காரர். கறுப்பு மையில் முழங்கை வரை நனைந்திருந்தார். மூன்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தான் நின்றுகொண்டார். மகிமாவின் படிப்பையும் கடன் ஜாமீனையும் அவருக்கு விளக்கினோம்.

“ஆர்ட்ஸுல எத்தினி வருஷமா கீற?” என்று விசாரணையைத் தொடங்கினார் மதார் சாகிப்.

“பதினெட்டு வருஷம் பாய்.”

“படிப்பு?”

“எட்டாவது பெயிலு. ரெண்டு வாட்டி.”

“எழுதிக்கோ தாயி,” என்றார் ராசையா. “ஆர்ட்ஸுக்குத் தேவையான படிப்பு: எட்டாம் வகுப்பு, தோல்வி. வருமானம் எப்படி?”

“அது நெலையா இல்ல நைனா. எலெக்ஷன் வந்தா ஒரு மாரி, சாவு வுழுந்தா ஒரு மாரி. வருசத்துல மூணு மாசம் ஈ ஓட்டிக்கினு குந்திகினு இருப்பேன்.”

‘தாராளக் கலையின் வருமானம் தேர்தலையும் மரணத்தையும் சார்ந்தது’ என்று நான் வாசகம் சொன்னேன். இத்தனை துல்லியமான முடிவை எந்தப் பல்கலைக்கழகமும் எட்டியதில்லை.

மகிமா எழுதவில்லை. சுவரில் காயப்போட்டிருந்த பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டாரப் பிரமுகர் ஒருவரின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அடித்தது. “அண்ணே, ‘வாழ்த்த வயதில்லை’ன்னு வரணும். நீங்க ‘வாழ வயதில்லை’ன்னு அடிச்சிருக்கீங்க.”

வல்லரசு ஓடிவந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். நெற்றியில் அறைந்துகொண்டார், அங்கே ஒரு கை அளவு மை ஒட்டிக்கொண்டது. “அய்ய! இத்த கட்டியிருந்தா எனக்கில்ல வாழ வயசு இல்லாமப் பூட்டிருக்கும்! இன்னும் இருவது பேனரு அடிக்கணும்மா இதே மாரி!” கல்லாவைத் திறந்து இருநூறு ரூபாய் எடுத்து நீட்டினார்.

“வேணாண்ணே, சும்மாதான் சொன்னேன்.”

“சும்மா இன்னா சும்மா? வேலை செஞ்சிக்கீற, கூலி வாங்கு. இல்லாட்டி அடுத்த வாட்டி உன்னாண்ட நான் எப்பிடி கேப்பேன்?”

அவள் வாங்கிக்கொண்டாள். எங்கள் குழு இதை ஆட்டோவிலேயே விவாதித்தது. ஒரே ஒரு முறை, அதுவும் எட்டாவது தோற்றவர் கொடுத்தது. எனவே அது அன்பளிப்பு, வருமானம் ஆகாது என்று ஒருமனதாக முடிவு செய்தோம்.

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. மதியம் இரண்டு மணிக்கு நிறைவுக் கூட்டம். கீழே தெருவில் அலெக்ஸாண்டர் நின்றிருந்தார். லாரிக்கு மாற்று ஓட்டுநர் ஏற்பாடு செய்துவிட்டு, ஒரு நாள் சம்பளத்தை விட்டு வந்திருந்தார். மேலே வரச் சொன்னோம். “டீசல் நாத்தம் அடிக்கும் ஐயா,” என்று அங்கேயே நின்றுவிட்டார்.

ஒரு நிமிட மௌனம் முடிந்தது. ராசையா கண்ணாடியை மாட்டினார். “கடன் தட்டுல ஆறு லட்சம். வட்டியோட பாத்தா மாசம் பத்தாயிரத்து ஐந்நூறு, பத்து வருஷம். சரி. வருமானத் தட்டுல என்ன வைக்க?”

“வல்லரசு கணக்க வெக்க முடியாது,” என்றார் மதார் சாகிப். “எப்போ சாவு வுழும்னு நமக்கு இன்னா தெரியும்?”

அப்போதுதான், கர்த்தர் மன்னிப்பாராக, அந்த யோசனை எனக்கு வந்தது. “வெளியே எதற்குத் தேட வேண்டும்? நம் கண் முன்னாலேயே ஒரு மாதிரி இருக்கிறதே. மூன்று வாரமாக இந்தப் பிள்ளை இந்தக் கலை வேலையைத்தானே செய்கிறாள்? மொழிபெயர்ப்பு, குறிப்பு, கடிதம், மேடைப்பேச்சு, அஞ்சலி. எல்லாம் முதல்தரம். இதில் அவள் சம்பாதித்தது எவ்வளவு?”

ஓடுகிற மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றியது போல இருந்தது.

“ஒண்ணுமில்லையே!” என்றார் ராசையா, வியப்போடு.

“நஹி,” என்றார் மதார் சாகிப். “ரோஸ் மில்க்கு சேராது.”

“நிரூபணம் ஆயிட்டுதுல்லா? எழுதிக்கோ தாயி. மாதிரி ஆய்வு: மகிமா, வயது பதினெட்டு. காலம் மூன்று வாரம். பணிகள் ஐந்து. தரம் மிக நன்று. வருமானம் பூஜ்யம்.”

மகிமா குறிப்பேட்டிலிருந்து தலை நிமிர்ந்தாள். “பூஜ்யம் எழுத்துல போடவா, எண்ணுல போடவா ஐயா?”

“ரெண்டுலயும் போடு. பின்னால குழப்பம் வந்துறக் கூடாது.”

அவள் போட்டாள். ஒரு பிழையும் இல்லை. அறிக்கையின் மூன்று பிரதிகளில் மூன்று பேரும் ஒன்பது கையெழுத்துப் போட்டோம். மூன்று மூன்று வினாடி.

“வர்றேன் அங்கிள்,” என்று எங்கள் மூவருக்கும் பொதுவாகச் சொன்னாள். குரலில் ஒன்றும் இல்லை. எழுந்தவளை ராசையா நிறுத்தினார். “ஒரே ஒரு உதவி தாயி. அறிக்கை வெளியிட ஒரு விழா வைக்குதோம். பேனர் வாசகத்த வல்லரசுக்கு அனுப்பிரு.”

அனுப்பினாள். அடுத்த நிமிடமே அவள் போன் அடித்தது. வல்லரசின் குரல் போனுக்கு வெளியே வந்து எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

“இன்னாம்மா இது? ‘தாராளக் கலை, வருமானம் பூஜ்யம்’? அப்போ நான் குட்த்த எரநூறு இன்னா, கள்ள நோட்டா? உன் பேங்கு எங்க கீது? அங்கயே நில்லு, வந்துகினே கீறேன்!”

“அவனுக்குப் புள்ளிவிவரம் தெரியாது,” என்றார் ராசையா.

வெள்ளிக்கிழமைதோறும் மகமை வசூலை வங்கியில் கட்டுவது என் கடமை. மூன்றரை மணிக்குப் பணப்பையோடு வரிசையில் நின்றேன். கடன் பிரிவு மேசையில் மகிமா, அலெக்ஸாண்டர். வல்லரசு மஞ்சள் பையிலிருந்து காகிதங்களை எடுத்துக் கொட்டிக்கொண்டிருந்தார். கடையின் அச்சு இயந்திரத்துக்குக் கடன் வாங்க மூன்று வருடமாக வருமானவரிக் கணக்குக் காட்டியவர் அவர். அது ஜாமீனுக்குப் போதும் என்று அதிகாரி ஜெரினா சொன்னார்.

“விண்ணப்பதாரருக்கு நீங்க என்ன உறவு?”

வல்லரசு யோசித்தார். “அதுவும் ஆர்ட்ஸு, நானும் ஆர்ட்ஸு மேடம். ஒரே தொழிலு.”

“அப்படி எழுத முடியாது சார். ‘நலம் விரும்பி’ன்னு போடுங்க.”

அவர் பேனாவை எடுத்தார். பிறகு மகிமா பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார். “எந்த ‘ல’ம்மா?”

“சின்ன ‘ல’ண்ணே.”

“கட்டாமப் பூட்டா உன் மிஷினை எடுத்துக்குவாங்கப்பா,” என்றார் அலெக்ஸாண்டர். அழுதுவிடுவார் போல இருந்தது.

“எடுத்துக்கட்டும். அது எப்பவும் கலீஜாத்தான் ஓடுது.” கையெழுத்துப் போட்டார். மூன்று வினாடி.

ஜெரினா நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டார். “மகமைச் சங்கத்து சார்தானே? உங்க கையெழுத்தை மூணு வாரமா எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேனே.”

“ஆய்வு நடந்துகொண்டிருந்தது மேடம்,” என்றேன். நாற்பத்தோராயிரத்து முந்நூறு ரூபாய் தர்மத்தைக் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன்.

விழா ஜூலையில் நடந்தது. வல்லரசு பேனர் அடித்துக் கொடுத்தார். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். சிறப்பு விருந்தினர் ஆடிட்டர் அன்புக்கரசி. எங்கள் அறிக்கையை மேடையிலேயே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். நாங்கள் எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் இருந்தோம்.

“இதை எழுதினது யாரு?” என்று கேட்டார்.

“குழுதாம்மா,” என்றார் ராசையா பெருமிதமாக.

“முப்பது வருஷமா குழு அறிக்கை படிக்கிறேன் ஐயா. குழு எழுதினா இப்படி வராது. முடிவு தப்பு, ஆனா எழுத்து தங்கம். இந்த மாதிரி எழுதுற ஆள் என் ஆபீசுக்கு நாளைக்கே வேணும். மாசம் இருபத்துநாலாயிரம் தர்றேன். ஆளைக் காட்டுங்க.”

மதார் சாகிப் என் விலாவில் இடித்தார். “கீழ ‘செயலாளர்’னு உன் பேருதான் போட்டுக்கீது. நீயே போ மாமு.”

நான் போகவில்லை. பாத்திரக்கடைக்காரன், மனக்கணக்குத் தப்பாது. மாதம் இருபத்துநாலாயிரம் என்றால் வாரம் ஆறாயிரம். மூன்று வாரத்துக்குப் பதினெட்டாயிரம். காணிக்கைப் பை பிடிக்கிற இந்தக் கையால் ஒரு லாரி ஓட்டுநரின் மகளிடமிருந்து பதினெட்டாயிரம் ரூபாயைக் களவெடுத்துவிட்டு, அவளிடம் ஒன்றும் இல்லை என்று அவள் கையாலேயே எழுதவும் வைத்திருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் இதை எழுந்து நின்று சொன்னேன். ராசையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் கலங்கியிருந்தது. “நியாயம் வே,” என்றார். மதார் சாகிப்பும் தலையசைத்தார். அந்தப் பதினெட்டாயிரத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று ஆராய உடனடியாக ஒரு குழு அமைத்திருக்கிறோம். நான்தான் செயலாளர்.

கூட்டக் குறிப்பு எழுத, தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்த பிள்ளை யாராவது இருந்தால் மண்டி மாடிக்கு அனுப்பிவையுங்கள். சம்பளம் கிடையாது; சேவை.